கணினி கக்கும் சூட்டைக் குளிர்காலத்துக்குப் பயன்படுத்துவது எப்படி? வேலூருக்கும் ஏலகிரிக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில் வீட்டைச் சூடாக்க வேண்டிய நாட்கள் குறைவு. கார்த்திகை பிற்பாதியில் தொடங்கித் தை முடியும்வரை, அதுவும் இரவு பத்து மணிக்கு மேல் விடியும்வரை. மற்ற நாளெல்லாம் சூட்டை எப்படி வெளியே தள்ளுவது என்பதே நம் பாடு. ஆகவே குளிர் தேசங்களில் செய்வதை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. நான் சொல்லப்போவது ஒரே குழாய், இரண்டு வாய் கொண்ட அமைப்பு. குளிரில் சூடு வீட்டுக்குள் வரும், வெயிலில் அதே சூடு ஜன்னல் வழியே வெளியே போகும்.

சத்துவாச்சாரியில் என் வீட்டுப் பின்னறையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணங்களின் வேலையெல்லாம் குவிந்து கணினி அதிகம் ஓடுவது அந்த மாதத்தில்தான். குளிரும் கணினியின் உழைப்பும் ஒரே மாதத்தில் சேர்ந்து வருவதைப் பார்த்த பிறகுதான் இதில் இறங்கினேன். பிறகு ஏலகிரி அத்தனாவூரில் இருக்கும் அத்தை வீட்டிலும் இதையே செய்தேன். கட்டடங்களுக்குக் கணினியில் படம் வரையும் வேலையை அத்தை மகன் வீட்டிலிருந்தே பார்க்கிறான், அதுவும் பெரும்பாலும் இரவில். அத்தைக்கு மூட்டுவலி. வேலூரைவிட மலை ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். 1000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்குப்படி, வேலூரைவிட அங்கே ஆறு டிகிரி குளிர் கூடுதல்.

சூடு எவ்வளவு என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்

கணினிக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய அத்தனையும் கடைசியில் சூடாகிறது. திரையின் வெளிச்சம்கூடச் சுவரில் பட்டுச் சூடாகத்தான் மாறுகிறது. 250 வாட் இழுக்கும் கணினி, சூட்டைப் பொறுத்தவரை 250 வாட் ஹீட்டர்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டி மேல் 500 வாட் என்று ஒட்டியிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது தாங்கும் அளவு, இழுக்கும் அளவு அல்ல. பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஈ.பி. மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். அது 3200 என்றால், ஒரு மினுக்குக்கு 1125 ஜூல் என்று கணக்கு. வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கணினியை மட்டும் வேலை செய்யவிட்டு, பத்து மினுக்குக்கு எத்தனை நொடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். 11,250ஐ அந்த நொடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். எனக்கு 45 நொடி ஆனது. அதாவது 250 வாட். அதே கணினி சும்மா திறந்து கிடக்கும்போது 70 வாட்தான். இந்த வித்தியாசம் முக்கியம். கணக்கு டைப் செய்யும் கணினியை வைத்து ஒன்றும் ஆகாது. லேப்டாப்பும் வேண்டாம். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பிலிருந்து 100 வாட் அளவுக்குச் சூடு வரும், பெரும்பாலான லேப்டாப் அதில் பாதிகூட வராது.

150 வாட்டுக்குக் கீழே வந்தால் இத்தோடு நிறுத்திக்கொண்டு, நல்ல கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையாகவே அதுதான் லாபம்.

இந்தச் சூட்டால் எது முடியும், எது முடியாது

என் கணினி ஆறு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். அது 1290 கிலோ கலோரி. கணக்குப்படி 20 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்கு மேல் ஏற்றிவிட அது போதும். ஆனால் ஏறாது. சூட்டின் அளவு வேறு, சூட்டின் தரம் வேறு. கணினியின் முதுகிலிருந்து வரும் காற்று 30லிருந்து 40 டிகிரிதான். அந்தக் காற்றை நாள் முழுக்க ஊதினாலும் தண்ணீர் அதைத் தாண்டாது. குளியல் தண்ணீருக்கு இது உதவும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

வெளிநாடுகளில் எப்படி முடிகிறது? டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் ஃபேஸ்புக் சர்வர் கூடத்தின் (ஏராளமான கணினிகள் ஒன்றாக ஓடும் இடம்) சூடு நகரத்து வீடுகளுக்குப் போகிறது. பின்லாந்தின் மாந்த்சாலாவிலும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமிலும் அப்படியே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் செயின்ட் டெனிஸ் நீச்சல் குளத்துக்கும் பக்கத்து சர்வர் கூடத்தின் சூடு போனது. அந்த மாதிரி இடங்களில் நடுவில் ஹீட் பம்ப் வைக்கிறார்கள். நம் ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் பின்னால் தள்ளுகிறதல்லவா, அதே வித்தைதான். குறைந்த சூட்டைச் சேகரித்து, கொஞ்சம் மின்சாரம் செலவழித்து, உயர்ந்த சூடாக்கித் தண்ணீர்க் குழாயில் அனுப்புகிறார்கள். தெருவுக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் ஊர்களுக்கு அது சரி. நமக்குக் கைக்கெட்டுவது இளஞ்சூட்டுக் காற்று ஒன்றுதான். அந்தக் காற்றுக்கு ஏற்ற வேலைகளைத்தான் தேட வேண்டும்.

அறையைச் சூடாக்க முடியுமா என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. பத்துக்குப் பத்து அறை, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே தளம், இரண்டு பக்கச் சுவர் வெளியே பார்த்தது என்று வைத்துக்கொள்வோம். வெளியைவிட உள்ளே ஒரு டிகிரி கூடுதலாக வைத்திருக்கச் சுமார் 80 வாட் வேண்டும். பாதி சுவர் வழியாகவும், மீதியில் பெரும்பங்கு தளம் வழியாகவும், கொஞ்சம் கதவிடுக்கு வழியாகவும் ஒழுகிவிடும். அப்படியானால் 250 வாட் கணினி அந்த அறையை மூன்று டிகிரி ஏற்றும். 16 டிகிரி அறை 19 ஆகும். வித்தியாசம் தெரியும், ஆனால் போர்வையை உதறிவிட்டு எழுந்திருக்கிற அளவுக்கு இல்லை.

அத்தை வீட்டில் முதல் வருஷம் நான் அறையைச் சூடாக்கத்தான் முயன்றேன். கதவிடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்து, வென்டிலேட்டரில் அட்டை அடைத்து, இரவெல்லாம் கணினியை ஓடவிட்டும் அத்தையின் கால் சில்லிட்டுத்தான் இருந்தது. பிறகுதான் புத்தியில் பட்டது. சூடு வேண்டியது அறைக்கு அல்ல, அத்தையின் காலுக்கு. அறையின் காற்றும் சுவரும் தளமும் வாங்கிக்கொள்ளும் சூட்டை ஒரு மேசைக்கடியில் பிடித்துவைத்தால் அதே 250 வாட் போதும், மிச்சமும் இருக்கும். இதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் இந்த ஒரு மாற்றத்தின்மேல் நிற்கிறது.

குழாய் அமைப்பது

தேவையான சாமான்கள் எல்லாம் பிளம்பிங் கடையிலும் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும்: நாலு இன்ச் பி.வி.சி. பைப் இரண்டடி, அதே அளவில் ஒரு டீ (T வடிவ இணைப்பு), ஒரு எல்போ (வளைந்த இணைப்பு), இரண்டு மூடி, சமையலறை சிம்னிக்குப் போடும் வளையும் அலுமினியக் குழாய் நாலு இன்ச் அளவில் ஆறடி, 120 மில்லிமீட்டர் கணினி ஃபேன் ஒன்று, அதன் வேகத்தைக் குறைக்கும் சின்ன ரெகுலேட்டர், பிளைவுட் துண்டுகள், சிலிகான், கொசு வலை. ஃபேனைத் தவிர மற்றதெல்லாம் வீடு கட்டுகிற இடத்தில் மிச்சமாகவே கிடைக்கும்.

கேபினட்டின் (கணினிப் பெட்டியின்) முதுகில் காற்று வெளிவரும் ஃபேனைச் சுற்றி ஒரு பிளைவுட் கூண்டு செய்யுங்கள். கேபினட்டோடு ஒட்டவோ திருகவோ வேண்டாம். வயர்கள் வருமளவுக்குக் கீழ்ப்பக்கம் வெட்டிவிட்டு, முதுகோடு சேர்த்து நிறுத்தி, இடைவெளிக்குக் கதவிடுக்கில் ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப் போதும். மாதம் ஒருமுறை தூசி தட்ட நகர்த்தவேண்டியிருக்கும். கூண்டின் எதிர்ப்பக்கத்தில் வட்டமாக வெட்டி, வாங்கிய ஃபேனை வெளியே இழுக்கும் பக்கமாகப் பொருத்துங்கள். அதிலிருந்து அலுமினியக் குழாய். குழாய் முடிவில் டீ.

டீயின் ஒரு வாய் உள்ளே, இன்னொரு வாய் ஜன்னலுக்கு. ஜன்னல் பக்கத்து வாயைப் பிளைவுட் பலகை வழியே வெளியே எடுத்து, எல்போவைக் கீழ்நோக்கி மாட்டி, கொசு வலை கட்டுங்கள். எல்போ கீழ்நோக்கி இல்லாவிட்டால் ஐப்பசி மழை நேராக உள்ளே வரும். எந்த வாய் வேண்டாமோ அதற்கு மூடி. விலை உயர்ந்த வால்வு எதுவும் தேவையில்லை. பி.வி.சி. சூட்டில் இளகுமே என்று பயப்படவேண்டாம். இளகுவது எழுபது, எண்பது டிகிரிக்குப் பக்கத்தில், நம் காற்று நாற்பதைத் தாண்டாது.

குழாயை ஆறடிக்கு மேல் நீட்டாதீர்கள், இரண்டு வளைவுக்கு மேல் விடாதீர்கள். வளையும் குழாயின் மடிப்புகள் காற்றைத் தடுக்கும். அமைத்த பிறகு ஒரு மணி நேரம் வீடியோ ரெண்டரோ (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) வேறு கனமான வேலையோ கொடுத்து, பிராசஸர் சூட்டைப் பாருங்கள். குழாய் இல்லாமல் இருந்ததைவிட ஐந்து டிகிரிக்கு மேல் ஏறினால் எங்கோ அடைப்பு இருக்கிறது. இதை அலட்சியம் செய்யாதீர்கள். மதர்போர்டிலும் எஸ்.எம்.பி.எஸ்ஸிலும் இருக்கும் கெபாசிட்டர்கள் என்ற சின்ன மின் உதிரிகளின் ஆயுள், பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகும். கொஞ்சம் சூட்டை மிச்சம் பிடிக்கப்போய் மதர்போர்டை இழக்கக்கூடாது.

ஃபேன் வேகமே சூட்டின் திருகு

250 வாட் சூட்டை மணிக்கு 75 கன மீட்டர் காற்று சுமந்துபோனால், அந்தக் காற்று அறையைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருக்கும். காற்றைப் பாதியாகக் குறைத்தால் இருபது டிகிரி. சூடு அதேதான், அடர்த்திதான் மாறுகிறது. ரெகுலேட்டர் வாங்கச் சொன்னது இதற்காக. வேலூரில் 20 டிகிரி அறையில் ஃபேனை நன்றாக ஓடவிட்டால் வாயில் 30 டிகிரி. ஏலகிரியில் 16 டிகிரி அறையில் ஃபேனை மெதுவாக்கினால் 35க்குப் பக்கம். குளிர்ந்த அறையில் கணினிக்குள் போகும் காற்றே குளிர்ச்சி என்பதால் மெதுவான ஃபேனைக் கணினி தாங்கும். அதே மெதுவான வேகத்தைச் சித்திரையில் வைத்தால் தாங்காது. மீன் தொட்டிக்கு வைக்கும் வயர் நீட்டிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாயருகே கட்டிவிடுங்கள், ஊகிக்கவேண்டியிருக்காது.

கால் பெட்டி

சாதாரண மேசை. மூன்று பக்கத்தை ஹார்ட்போர்டால் அடைத்து, உட்காரும் பக்கத்தில் தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். போர்வை தரையைத் தொடாமல் நாலு விரல் இடம் விட்டு நிற்கவேண்டும். காற்று வெளியேற வழி இல்லையென்றால் உள்ளே வரவும் வராது, சூடு கணினிக்கே திரும்பிவிடும். குழாயின் உள்வாய் பின்பக்கப் பலகையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வரட்டும். நேராகக் காலில் அடிக்காமல் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள்.

போன மார்கழியில் அத்தை அந்த மேசையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பதினைந்து நிமிஷம் கழித்து, "இன்னாடா செஞ்சி வெச்ச, கால்ல ஒத்தடம் குடுத்த மாதிரி கீது" என்றார். அன்றிலிருந்து சாயங்காலம் மகன் கணினியைப் போட்டதும் அத்தை அங்கே வந்துவிடுவார். வெளியேறும் வெதுவெதுப்பு அறையிலேதானே பரவுகிறது, அந்த இரண்டு மூன்று டிகிரியும் வீண்போவதில்லை.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு ஏறுவது தெரியாது. பெட்டிக்குள் 38 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள், தெர்மாமீட்டரை வெளியே தெரியும்படி வையுங்கள், வீட்டில் இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். மலையில் சில வீடுகளில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை உடனே விடவேண்டும். கரி பாதி எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். கணினிச் சூட்டில் அந்த ஆபத்து கிடையாது என்பதே எனக்கு இதில் பெரிய ஆறுதல்.

மாவும் துணியும்

வேலூர் வீட்டுக்குக் கால் பெட்டி அவ்வளவு தேவைப்படாது. இங்கே இந்தக் குழாய் சம்பாதித்துக் கொடுப்பது அடுக்களைக்கு. இட்லி மாவு நன்றாகப் பொங்க 30 டிகிரி வாக்கில் வேண்டும். சித்திரையில் ஆறு மணி நேரத்தில் பொங்கும் மாவு மார்கழியில் விடிந்தாலும் அசையாது. மீன் வரும் தெர்மோகோல் பெட்டியில் புதிதாக ஒன்று வாங்கி, ஒரு பக்கம் குழாய்க்கும் எதிர்ப்பக்கம் மேலே காற்று வெளியேறவும் துளை போட்டு, மாவுப் பாத்திரத்தை மூடி வையுங்கள். பாத்திரத்தில் பாதிதான் மாவு இருக்கட்டும். முதல் தடவை முக்கால் பாத்திரம் வைத்துவிட்டு, பொங்கி வழிந்த மாவைக் காலையில் அம்மா துடைத்துக்கொண்டிருந்தார். மாவுப் பாத்திரமோ வேறு ஈரமோ ஒருபோதும் கேபினட் மேல் வேண்டாம். பெட்டி தனியாக, கணினியைவிடத் தாழ்வாக இருக்கட்டும்.

மழைக்காலத்துத் துணிக்கும் இது பயன்படும். காற்றைப் பத்து டிகிரி சூடாக்கினால் அதன் ஈரப்பதம் பாதியை நெருங்கிக் குறைகிறது. 90 சதவீத ஈரத்தில் காயாத துணி, 50 சதவீதக் காற்றில் காயும். ஆனால் துணியிலிருந்து போகும் ஈரம் அறைக்குள் தங்கினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், கணினியும் அதே ஈரக்காற்றை இழுக்கும். அதனால் துணிக்கு வெளிவாயைத் திறந்து, மழை படாத பால்கனியில் அதன் எதிரே கொடி கட்டுங்கள். பள்ளிச் சீருடை இரண்டு செட் இரவோடு இரவாகக் காயும். ஜீன்ஸ் காயாது.

இதற்காகவே கணினியை ஓட்டலாமா

கூடாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், அதன்மேல் ஏற ஏறக் கட்டணப் படியும் ஏறும். எட்டு மணி நேரம் 250 வாட் என்றால் நாளுக்கு இரண்டு யூனிட், இரண்டு மாதத்தில் 120. இதைச் சூட்டுக்காக மட்டும் கொட்டுவது கட்டுப்படியாகாது. ஏற்கெனவே நடக்கும் வேலையின் சூட்டை வாங்கிக்கொள்வதுதான் முறை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. எப்படியும் ரூம் ஹீட்டர் போடப்போகிறீர்கள் என்றால், அந்த மின்சாரத்தைக் கணினிக்குக் கொடுத்தாலும் அதே சூடுதான் வரும். அந்த நேரத்தில் ஃபோல்டிங் அட் ஹோம் போன்ற திட்டத்துக்குக் கணினியைக் கொடுக்கலாம். புரதங்கள் மடியும் விதத்தைக் கணக்கிட்டு நோய் ஆராய்ச்சிக்கு உதவும் இது 2000இல் தொடங்கியது. 2020இல் கொரோனா நேரத்தில் உலகம் முழுவதும் மக்கள் தங்கள் கணினிகளைக் கொடுத்தார்கள். அத்தை மகன் குளிர் அதிகமான இரவுகளில் வேலை முடிந்தபின் இரண்டு மணி நேரம் இதை ஓடவிடுகிறான். ஹீட்டர் கம்பியில் வெறுமனே எரிந்திருக்கும் மின்சாரம் ஒரு கணக்கையும் முடித்துக் கொடுக்கிறது.

வெயில் வந்ததும்

போன அக்னி நட்சத்திரத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாமல் இருக்க இதை விரிவாகச் சொல்கிறேன். ஏ.சி. போட்ட அறை 27 டிகிரி, வெளியே 40. கணினிச் சூடு வெளியே போகட்டும் என்று வெளிவாயைத் திறந்து வைத்தேன். ஏ.சி.யின் சுமை குறையவில்லை, கூடியது. காரணம் இதுதான்: குழாய் மணிக்கு 75 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளினால், அதே அளவு வெளிக்காற்று கதவிடுக்கு வழியே உள்ளே வரும். 13 டிகிரி அதிகச் சூடான அந்தக் காற்று கொண்டுவருவது சுமார் 325 வாட். வெளியே அனுப்பியதோ 250 வாட்.

ஆகவே விதி எளிது. குழாய் வாயில் வரும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால் மட்டும் வெளியே தள்ளுங்கள். ஏ.சி. இல்லாத அறையில் எப்போதும் அப்படித்தான் இருக்கும், அதனால் தயங்காமல் வெளிவாயைத் திறந்துவிடலாம். ஏ.சி. அறையில் பகலில் மூடிவிட்டு, வெளிக்காற்று 35க்குக் கீழே இறங்கும் இரவில் திறக்கலாம். வெளியே தள்ளும்போது ஃபேன் முழு வேகத்தில் இருக்கட்டும், எதிர்ப்பக்கக் கதவு ஒரு விரலாவது திறந்திருக்கட்டும்.

மாசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூண்டை நகர்த்திப் பிளோயரால் தூசி ஊதுங்கள், கொசு வலையைக் கழுவுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள், கால் பெட்டிப் போர்வையைத் துவைத்து மடித்து வையுங்கள். பிறகு மூடியை உள்வாய்க்கு மாற்றுங்கள். உபரி மூடியை ஒரு கயிற்றில் கோத்து டீயிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்த கார்த்திகை தீபத்துக்கு அகலைத் தேடும்போது அதையும் தேடவேண்டியிருக்காது.